மூன்று படகுகள், எட்டு உலகங்கள்: வாக்கியத்தின் பொருளை எண்ணிப் பார்க்க ஒரு முழுமையான வழிகாட்டி

"எண்ணூர் முகத்துவாரத்தில் இப்போது மழை பெய்கிறது." இது உண்மையா என்று தண்டையார்பேட்டையில் உட்கார்ந்திருக்கும் எனக்குத் தெரியாது. ஆனால் வாக்கியம் முழுதாகப் புரிகிறது. அங்கே போய் நின்றால் எதைக் கண்டு 'ஆமாம்' என்பேன், எதைக் கண்டு 'இல்லை' என்பேன் என்று எனக்குத் தெரியும். புரிந்தது அவ்வளவுதான். சொற்களின், வாக்கியங்களின் பொருளை ஆராயும் பொருண்மையியலின் பெரிய மரபு ஒன்று இந்தச் சின்னக் கவனிப்பின்மேல் நிற்கிறது: ஒரு வாக்கியத்தின் பொருள், அது உண்மையாவதற்கு உலகம் எப்படி இருக்க வேண்டும் என்ற நிபந்தனை. தத்துவ அறிஞர் லுட்விக் விட்கென்ஸ்டைன் 1921-இல் வெளியான தம் நூலில் ஏறக்குறைய இதையேதான் சொன்னார்.

இதைக் கற்க ஒரு தாளும் பென்சிலும் எட்டு வரை எண்ணும் திறமையும் போதும். எடுத்துக்காட்டுகளைக் காசிமேடு மீன்பிடித் துறைமுகத்திலிருந்து எடுத்துக்கொள்கிறேன். பாடநூல்களில் வழக்கமாக வரும் எடுத்துக்காட்டு 'வெண்பனி வெண்மையானது' என்பது; வெண்பனியோ வடசென்னையில் பெய்வதில்லை.

முதல் படி: வாக்கியத்தை ஒரு பக்கம், உலகத்தை ஒரு பக்கம் வையுங்கள்

போலந்து நாட்டுத் தர்க்க அறிஞர் ஆல்ஃபிரட் டார்ஸ்கி 1933-இல் முன்வைத்த வாய்பாட்டைத் தமிழில் எழுதினால் இப்படி வரும்: 'கடல் கரிக்கிறது' என்ற வாக்கியம் உண்மையாக இருப்பது, கடல் கரித்தால், கரித்தால் மட்டுமே. முதல்முறை படிப்பவர்களுக்குச் சிரிப்பு வரும். சொன்னதையே திருப்பிச் சொல்வதுபோல் இருக்கிறது.

மேற்கோள் குறிக்குள் வேறு மொழியை வைத்துப் பாருங்கள். தெலுங்கில் 'வான படுதோந்தி' என்ற வாக்கியம் உண்மையாக இருப்பது, மழை பெய்துகொண்டிருந்தால், பெய்துகொண்டிருந்தால் மட்டுமே. தெலுங்கு அறியாதவருக்கு இது உருப்படியான செய்தி. மேற்கோளுக்குள் இருப்பது நாம் ஆராயும் வாக்கியம். வெளியே இருப்பது உலகின் ஒரு நிலை. வாய்பாட்டின் வேலை இரண்டையும் இணைப்பது. சொல்லால் பொருளும் தெரியவரும், அந்தச் சொல்லும் தெரியவரும் என்று தொல்காப்பியம் பெயரியலில் பிரித்துச் சொல்வதை நினைவில் வைத்துக்கொண்டால் இந்தப் படியில் குழப்பம் வராது.

இரண்டாம் படி: உலகங்களை எழுதுங்கள்

உண்மை நிபந்தனையைக் கையில் பிடிக்கக்கூடிய பொருளாக மாற்ற ஒரு வழி வேண்டும். அதற்குத்தான் சாத்திய உலகங்கள். அந்தப் பேச்சை ஜெர்மன் தத்துவ அறிஞர் லைப்னிட்ஸ் பதினேழாம், பதினெட்டாம் நூற்றாண்டுகளிலேயே பிரபலமாக்கினார். வாக்கியப் பொருளுக்கான கருவியாக அதைச் செதுக்கியவர்களில் முக்கியமானவர் தத்துவ அறிஞர் ருடால்ஃப் கார்னாப், ஆண்டு 1947. நமக்குத் தேவையான அளவில், சாத்திய உலகம் என்றால் நிலைமை இருந்திருக்கக்கூடிய ஒரு முழு விதம்.

கங்கை, முத்து, மரியா என்று மூன்று விசைப்படகுகள். ஒவ்வொன்றும் கரைக்கு வந்திருக்கும், அல்லது வந்திருக்காது. வேறு எதுவும் நமக்குப் பொருட்டில்லை என்று வைத்துக்கொண்டால், இரண்டை மூன்று முறை பெருக்கி எட்டு உலகங்கள்:

உ1: மூன்றும் வந்துவிட்டன
உ2: கங்கை, முத்து மட்டும்
உ3: கங்கை, மரியா மட்டும்
உ4: முத்து, மரியா மட்டும்
உ5: கங்கை மட்டும்
உ6: முத்து மட்டும்
உ7: மரியா மட்டும்
உ8: எதுவும் வரவில்லை

இனி 'கங்கை வந்துவிட்டது' என்ற வாக்கியத்தின் பொருள் என்ன? உ1, உ2, உ3, உ5 என்ற தொகுதி. அந்த நான்கு உலகங்களில் வாக்கியம் உண்மை, மற்ற நான்கில் பொய். இந்தத் தொகுதியைத்தான் வாக்கியம் சொல்லும் கருத்து என்கிறார்கள். நாம் இருக்கும் உலகம் இந்தத் தொகுதிக்குள் விழுந்தால் சொன்னது உண்மை. எந்த உலகில் இருக்கிறோம் என்று தெரியாமலேயே தொகுதியை எழுதிவிட முடிந்தது என்பதைக் கவனியுங்கள். எண்ணூர் மழை வாக்கியம் புரிந்ததும் இப்படித்தான்.

மூன்றாம் படி: கூட்டு, கழி

'கங்கையும் முத்துவும் வந்துவிட்டன' என்றால் இரு தொகுதிகளுக்கும் பொதுவான உலகங்கள்: உ1, உ2. 'கங்கையோ முத்துவோ வந்துவிட்டது' என்றால் இரண்டையும் சேர்த்த தொகுதி: உ1 முதல் உ6 வரை. 'கங்கை வரவில்லை' என்றால் எட்டில் மீதி நான்கு.

ஒரு வாக்கியத்திலிருந்து இன்னொன்று தானாகப் பெறப்படுவதையும் இங்கேயே பார்த்துவிடலாம். முதல் வாக்கியத்தின் தொகுதி முழுதும் இரண்டாவதன் தொகுதிக்குள் அடங்கினால் பெறப்படும், அடங்காவிட்டால் இல்லை. எட்டு உலகங்களிலும் உண்மையாக இருக்கும் 'முத்து வந்திருக்கும், அல்லது வந்திருக்காது' போன்ற வாக்கியம் எந்த உலகத்தையும் விலக்குவதில்லை. கேட்டவருக்குக் கிடைப்பதும் ஒன்றுமில்லை. ஆக ஒரு வாக்கியம் எவ்வளவு சொல்கிறது என்பதை, அது எத்தனை உலகங்களை விலக்குகிறது என்று பார்த்து அளக்கலாம்.

நான்காம் படி: 'எல்லா'வை எண்ணுங்கள்

தமிழ் வாசகர் நின்று நிதானிக்க வேண்டிய இடம் இது.

'எல்லாப் படகுகளும் வந்துவிட்டன.' படகுகளின் தொகுதி, வந்தவற்றின் தொகுதிக்குள் முழுதாக அடங்கினால் உண்மை. எட்டில் ஓர் உலகம்: உ1. 'ஒரு படகாவது வந்துவிட்டது.' இரு தொகுதிகளுக்கும் பொதுவாக ஏதேனும் இருந்தால் உண்மை. ஏழு உலகங்கள். முழு வாக்கியத்தின் பொருளை உறுப்புகளின் பொருளிலிருந்தும் அவை சேர்ந்த முறையிலிருந்தும் இப்படிக் கட்டி எழுப்பும் கொள்கையைக் ஜெர்மன் தர்க்க அறிஞர் கோட்லோப் ஃப்ரெகேயின் பெயரோடு சேர்த்துச் சொல்வது வழக்கம். மனிதர் பேசும் மொழிகளுக்கும் தர்க்க அறிஞர்கள் செய்த செயற்கை மொழிகளுக்கும் கோட்பாட்டளவில் முக்கியமான வேறுபாடு இல்லை என்று 1970-இல் துணிந்து சொல்லி, அதைச் செய்தும் காட்டியவர் ரிச்சர்ட் மாண்டேக். அடுத்த ஆண்டே அவர் இறந்துவிட்டார். இன்று இந்தத் துறையில் எழுதப்படுவதில் பெரும்பகுதி அவர் போட்ட பாதையில் போகிறது.

இப்போது எதிர்மறை: 'எல்லாப் படகுகளும் வரவில்லை.'

எண்ணிப் பாருங்கள். சிலர் உ8 என்ற ஒரே உலகத்தை எழுதுவார்கள்: ஒன்றும் வரவில்லை. சிலர் உ1 தவிர்த்த ஏழையும் எழுதுவார்கள்: எல்லாம் வந்துவிடவில்லை, சில வந்திருக்கலாம். இருவரும் தமிழ் நன்றாக அறிந்தவர்களே. எதிர்மறை 'எல்லா'வுக்கு உள்ளே நிற்கிறதா, வெளியே நிற்கிறதா என்பதில்தான் வேறுபாடு. உள்ளே நின்றால் 'ஒவ்வொரு படகைப் பற்றியும்: அது வரவில்லை'. வெளியே நின்றால் 'எல்லாம் வந்தன என்பது இல்லை'. ஓர் உலகத்துக்கும் ஏழு உலகங்களுக்கும் இடையில் எவ்வளவு தூரம்! முன்பணம் கொடுத்துவிட்டுக் கரையில் காத்திருக்கும் வியாபாரிக்கு இது இலக்கணப் பிரச்சினை மட்டுமல்ல.

நன்னூல் இதைக் கண்டிருக்கிறது. முற்றும்மை, அதாவது 'எல்லாரும்' என்பதில்போல முழுமையைக் காட்டும் 'உம்', சில இடங்களில் எச்சமாகவும், அதாவது மிச்சம் இருப்பதைக் காட்டுவதாகவும் வரும் என்கிறது. உரைகளில் 'எல்லாரும் வந்திலர்' என்று எடுத்துக்காட்டு வரும். சிலர் வந்தார்கள் என்ற பொருள் அங்கே எஞ்சி நிற்கிறது என்பார்கள். தொகுதிக் கணக்கு இல்லாமலே, இரண்டு பொருள் இருப்பதையும் அதற்குக் காரணம் உம்மையும் எதிர்மறையும் சேர்வதே என்பதையும் பிடித்துவிட்டார்கள். பள்ளியில் இந்த நூற்பாவை மனப்பாடம் செய்துவிட்டு ஏன் என்று கேட்காமல் கடந்துபோவது எனக்கு எப்போதும் வருத்தம்.

ஐயத்துக்கு இடமில்லாமல் சொல்ல மொழியிலேயே வழி இருக்கிறது. 'எந்தப் படகும் வரவில்லை' என்றால் உ8 மட்டும். 'எல்லாப் படகுகளும் வந்துவிடவில்லை' என்றால் பெரும்பாலோர் ஏழு உலகங்களை எழுதுவார்கள். ஒப்பந்தம், அறிவிப்பு, தேர்வு வினா எழுதுகிறவர்கள் 'எல்லா', 'இல்லை' இரண்டும் ஒரே வாக்கியத்தில் வந்தால் ஒருமுறை எண்ணிப் பார்த்துவிட்டுக் கையெழுத்திடுவது நல்லது.

ஐந்தாம் படி: பெயரும் வருணனையும்

ராயபுரம் ரயில் நிலையம். 1856-இல் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் புறப்பட்ட நிலையம். இரண்டு தொடர்களும் ஒரே கட்டடத்தைத்தான் சுட்டுகின்றன. ஆனால் 'ராயபுரம் நிலையம்தான் ராயபுரம் நிலையம்' என்றால் யாருக்கும் ஒரு செய்தியும் இல்லை. 'ராயபுரம் நிலையம்தான் தென்னிந்தியாவின் முதல் ரயில் புறப்பட்ட நிலையம்' என்றால் செய்தி இருக்கிறது. சுட்டும் பொருள் ஒன்றாயிருந்தும் ஏன் இப்படி என்ற கேள்வியை ஃப்ரெகே 1892-இல் எழுப்பினார்.

உலகங்களை வைத்துப் பதில் சொல்லலாம். ரயில் கம்பெனி வேறு முடிவு எடுத்திருந்தால் முதல் ரயில் வேறு ஊரிலிருந்து புறப்பட்டிருக்கும். அந்த உலகத்தில் 'முதல் ரயில் புறப்பட்ட நிலையம்' என்ற வருணனை வேறு நிலையத்தைச் சுட்டும். 'ராயபுரம் நிலையம்' என்ற பெயரோ, அந்த உலகத்தைப் பற்றி நாம் பேசும்போதும் இந்த நிலையத்தையே சுட்டும். பெயர்கள் உலகம் மாறினாலும் ஆள் மாறாதவை என்று 1970-இல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் ஆற்றிய சொற்பொழிவுகளில் அமெரிக்கத் தத்துவ அறிஞர் சால் கிரிப்கி வாதாடினார். ஆக, ஒரு தொடரின் பொருள் இந்த உலகில் அது சுட்டும் பொருள் மட்டும் அன்று; எந்த உலகில் எதைச் சுட்டும் என்ற முழுப் பட்டியல்.

ஆறாம் படி: 'வேண்டும்', 'லாம்', 'கூடாது'

இதுவரை உலகங்கள் வெறும் பட்டியலாக இருந்தன. இங்கே அவை வேலை செய்யத் தொடங்குகின்றன. ஓர் உலகத்தில் நின்றுகொண்டு வேறு எந்த உலகங்களைக் கணக்கில் எடுக்கலாம் என்ற உறவைக் கிரிப்கி இருபது வயதைத் தொட்டிருந்த காலத்துக் கட்டுரைகளிலேயே வகுத்தார். கணக்கில் எடுத்த உலகங்கள் எல்லாவற்றிலும் நடந்தால் 'வேண்டும்'. ஒன்றிலாவது நடந்தால் 'லாம்'. ஒன்றிலும் நடக்காவிட்டால் 'கூடாது'.

எந்த உலகங்களைக் கணக்கில் எடுப்பது? கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் மீன்பிடித் தடைக்காலம். 'மே மாதத்தில் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது' என்ற வாக்கியத்துக்கு, சட்டம் மீறப்படாத உலகங்களை மட்டும் எடுங்கள். அவற்றில் ஒன்றிலும் மே மாதத்தில் விசைப்படகு கடலில் இல்லை. நம் உலகில் யாராவது திருட்டுத்தனமாகப் போயிருந்தாலும் வாக்கியம் பொய்யாகாது. ஏனென்றால் அது நம் உலகத்தைப் பற்றிய வருணனை இல்லை. ஆனால் 'புயல் கரையைக் கடக்கலாம்' என்றால் சட்டத்துக்கு அங்கே வேலை இல்லை. நமக்குத் தெரிந்த தகவல்களோடு ஒத்துப்போகும் உலகங்களை எடுத்து, அவற்றில் ஒன்றிலாவது புயல் கடக்கிறதா என்று பார்க்கிறோம். துறைமுகத்தில் ஏற்றும் எச்சரிக்கைக் கூண்டும் இந்த வகைச் செய்திதான். என்ன, அதைச் சொல்லால் சொல்லாமல் கம்பத்தில் ஏற்றிச் சொல்கிறார்கள்.

ஒரே சொல், வேறு வேறு பின்னணி என்ற இந்த விளக்கத்தை ஜெர்மானிய மொழியியலாளர் அங்கெலிகா கிராட்ஸர் 1977-இல் முன்வைத்தார். தமிழுக்கு இது எவ்வளவு பொருந்துகிறது என்று பார்க்க ஒரு வாக்கியம் போதும்:

'முத்து நான்கு மணிக்கே வந்திருக்க வேண்டும்.'

ஏலக்கூடத்தில் முத்துவின் கூடைகள் ஏற்கெனவே இறங்கியிருப்பதைப் பார்த்து ஒருவர் சொன்னால், படகு வந்துவிட்டது என்பது அவருடைய ஊகம். தெரிந்த தகவல்களோடு ஒத்துப்போகும் எல்லா உலகங்களிலும் முத்து நான்கு மணிக்கு வந்திருக்கிறது. அதே வாக்கியத்தை, வெறும் கடலைப் பார்த்து முகத்தைச் சுளித்துக்கொண்டு சொன்னால் படகு வரவில்லை என்று அர்த்தம். எல்லாம் ஒழுங்காக நடந்த உலகங்களில் முத்து நான்கு மணிக்கு வந்திருக்கிறது. நம் உலகம் அவற்றில் ஒன்றில்லை. ஒரே எழுத்துகள், ஒன்றில் படகு வந்துவிட்டது, மற்றதில் வரவில்லை. வேறுபாடு முழுவதும் எந்த உலகங்களை எடுத்தோம் என்பதில் மட்டுமே இருக்கிறது. இந்த ஓர் எடுத்துக்காட்டுக்காகவே சாத்திய உலகங்களை ஏற்றுக்கொள்ளலாம் என்பேன்.

ஏழாம் படி: '-ஆல்'

'அரை மணி நேரம் முன்னால் வந்திருந்தால் வஞ்சிரம் கிடைத்திருக்கும்.' சந்தையில் தினமும் கேட்கும் பேச்சு. 'முதல் பகுதி உண்மையாகி இரண்டாவது பொய்யானால் மட்டுமே முழு வாக்கியம் பொய்' என்ற பழைய தர்க்க விதியை இங்கே போட்டுப் பாருங்கள். நான் முன்னால் வரவில்லை. முதல் பகுதி பொய். ஆகவே முழு வாக்கியம் உண்மை. அப்படியானால் 'முன்னால் வந்திருந்தால் திமிங்கிலம் கிடைத்திருக்கும்' என்பதும் உண்மையாகிவிடும். விதி இந்த இடத்துக்கு உதவாது.

தத்துவ அறிஞர்கள் ராபர்ட் ஸ்டால்னேக்கர் 1968-லும் டேவிட் லூயிஸ் 1973-லும் தந்த தீர்வு: நான் முன்னால் வந்த உலகங்களில், நம் உலகத்துக்கு மிக நெருக்கமானவற்றை எடுங்கள். அதே படகுகள், அதே மீன், அதே கூட்டம். மாறியது என் வருகை மட்டும். அங்கே வஞ்சிரம் கிடைக்கிறதா? கிடைத்தால் வாக்கியம் உண்மை. திமிங்கிலம் வாங்கும் உலகம் வெகு தொலைவில் இருப்பதால் அது கணக்கில் வராது. 'முன்னால் வந்திருந்து, பணத்தை வீட்டிலேயே மறந்திருந்தால்' என்று ஒரு துணுக்கைச் சேர்த்தால் வஞ்சிரம் போய்விடுகிறது அல்லவா? அதற்கும் விளக்கம் இதுதான். நிபந்தனை மாறியதும் நெருக்கமான உலகங்களும் மாறிவிடுகின்றன.

எது நெருக்கம் என்று அளக்கக் கோல் இல்லை. சூழல்தான் முடிவு செய்கிறது. குறை சொல்பவர்கள் இங்கே கை வைப்பார்கள், நியாயமும் இருக்கிறது. லூயிஸ் 1986-இல் இன்னும் ஒரு படி போய், அந்த உலகங்கள் நம்முடையதைப்போலவே நிஜமாக இருக்கின்றன என்றார். எனக்கு இது ஒப்பவில்லை. நல்லவேளையாக, கணக்குப் போட அந்த நம்பிக்கை தேவைப்படாது.

எட்டாம் படி: உரையாடலில் ஓடவிடுங்கள்

தனி வாக்கியம் முடிந்தது. இரண்டு பேர் பேசும்போது என்ன நடக்கிறது? இருவரும் பொதுவாக ஏற்றுக்கொண்டவற்றோடு ஒத்துப்போகும் உலகங்கள் ஒரு தொகுதி. ஒவ்வொரு கூற்றும் அதைச் சுருக்குகிறது என்று ஸ்டால்னேக்கர் 1978-இல் எழுதினார். ஐஸ் கடை வாசலில் ஒரு சிறு வியாபாரி கடைக்காரரை விசாரிப்பதாக வைத்துக்கொள்வோம். தொடக்கத்தில் எட்டு உலகங்களும் திறந்திருக்கின்றன.

"படகு ஏதாவது வந்ததா அண்ணே?"

"ஒன்றாவது வந்துவிட்டது அக்கா. ஏலம் கூவுகிற சத்தம் கேட்கிறதே."

உ8 போனது. மீதி ஏழு.

"மரியா?"

"மரியா இன்னும் வரவில்லை."

உ1, உ3, உ4, உ7 போயின. மீதி உ2, உ5, உ6.

"கங்கையும் முத்துவும் எப்போதும் ஜோடியாகத்தான் வரும், உங்களுக்குத் தெரியாததா!"

உ5, உ6 போயின. மீதி உ2. கங்கையும் முத்துவும் வந்துவிட்டன என்று யாரும் வாய் திறந்து சொல்லவில்லை. ஆனால் அக்கா கூடையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

சில உருபுகள் உலகங்களை விலக்குவதோடு, பேச்சுக்கு முன்பே சில உலகங்கள் விலகியிருக்க வேண்டும் என்றும் கேட்கின்றன. 'முத்துவும் வந்துவிட்டது' என்ற எச்ச உம்மையை எடுங்கள். வேறொரு படகு வந்திருந்தால்தான் இந்த வாக்கியத்துக்கு இடம் உண்டு. உ1, உ2, உ4-இல் உண்மை. உ3, உ5, உ7-இல் பொய். உ6-லும் உ8-லும் உண்மை என்றோ பொய் என்றோ சொல்ல நா எழாது. 'முத்துவும் வந்துவிட்டதா?' என்று கேள்வியாக்கினாலும் வேறொன்று வந்தது என்ற செய்தி அப்படியே நிற்கிறது. இப்படி வாக்கியம் முன்கூட்டியே எடுத்துக்கொள்ளும் செய்திக்கு முன்னனுமானம் என்று பெயர். அதைக் கண்டுபிடிக்க இது நல்ல சோதனை.

பொருளுக்கு வெளியே இருப்பதையும் பிரித்துவிடுங்கள். மூன்றும் வந்திருக்கும்போது ஒருவர் 'இரண்டு படகுகள் வந்துவிட்டன' என்றால் பொய் சொன்னாரா? மூன்று வந்தால் இரண்டும் வந்ததுதானே. 'இரண்டு மட்டும்' என்று நாம் எடுத்துக்கொண்டது, அதிகம் தெரிந்தால் அதிகம் சொல்லியிருப்பார் என்ற எதிர்பார்ப்பினால். இந்தக் குறிப்புப் பொருளை வாக்கியப் பொருளிலிருந்து பிரித்துக் காட்டியவர் தத்துவ அறிஞர் பால் கிரைஸ். 'இரண்டு வந்துவிட்டன, சொல்லப்போனால் மூன்றுமே வந்துவிட்டன' என்று முரண்படாமல் நீட்ட முடிகிறதா என்று பாருங்கள். முடிந்தால் அது குறிப்பு. எண்ணுப்பெயர்களில் இந்த வழக்கு இன்னும் தீரவில்லை. 'இரண்டு' என்றால் சரியாக இரண்டுதான் என்று வாதிடுவோரும் இருக்கிறார்கள்.

'நான்', 'இங்கே', 'இன்று' போன்றவற்றுக்கு யார், எங்கே, எப்போது சொன்னார் என்று முதலில் நிரப்பிக்கொண்டு பிறகு உலகங்களை எழுதுங்கள். 'நாங்கள் திருவொற்றியூர் போகிறோம்' என்பதும் 'நாம் திருவொற்றியூர் போகிறோம்' என்பதும் கேட்பவரைச் சேர்ப்பதில் வேறுபடுவதால் உலகத் தொகுதியும் வேறு.

கருவி மழுங்கும் இடம்

'7 ஒரு பகா எண்' எல்லா உலகங்களிலும் உண்மை. 'முக்கோணத்தின் மூன்று கோணங்களும் சேர்ந்து 180 பாகை' என்பதும் யூக்ளிட் வடிவியலில் எங்கும் உண்மை. பொருள் என்பது உலகத் தொகுதி மட்டுமே என்றால் இரண்டு வாக்கியங்களுக்கும் ஒரே பொருள் என்றாகிவிடும். அப்படி யாரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

ஒருவருடைய அறிவையோ நம்பிக்கையையோ பற்றிப் பேசும்போது சிக்கல் இன்னும் கடுமை. தத்துவ அறிஞர் யாக்கோ ஹின்டிக்கா 1962-இல் வகுத்தபடி, ஒருவர் ஒன்றை அறிந்திருக்கிறார் என்றால் அவருடைய அறிவோடு ஒத்துப்போகும் எல்லா உலகங்களிலும் அது உண்மை. அப்படியானால் கூட்டல் மட்டும் தெரிந்த மூன்றாம் வகுப்புக் குழந்தையும் எல்லாக் கணிதத் தேற்றங்களையும் அறிந்திருக்க வேண்டும்! தொகுதியோடு வாக்கியத்தின் உள்ளமைப்பையும் பொருளில் சேர்ப்பது ஒரு வழி. நடக்கவே முடியாத உலகங்களையும் பட்டியலில் சேர்ப்பது மற்றொரு வழி. முதல் வழி எனக்குப் பிடிக்கும். இரண்டாவதில், எந்த உலகத்தையும் விலக்க முடியாமல் போய்விடும் ஆபத்து இருக்கிறது. இரண்டுக்கும் இன்றும் ஆதரவாளர்கள் இருக்கிறார்கள். படகு, மழை, தடைக்காலம், வஞ்சிரம் பற்றிப் பேசும் வரை எட்டு வரிப் பட்டியல் தாராளமாகப் போதும். கணிதத்தையும் பிறர் மனத்தையும் பற்றிய வாக்கியங்களுக்கு வரும்போது மட்டும் இந்தச் சிக்கலைக் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.